செட்டிநாட்டு வீட்டில் 64 விளக்கையும் எல்.இ.டி.க்கு மாற்றினால் போட்ட பணம் திரும்புமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும். கோட்டையூரில் பூர்வீக வீடு, மூன்று பங்காளிகளுக்குப் பொது, மீட்டர் ஒன்றுதான். வருடத்தில் பெரும்பாலான நாள் வீடு பூட்டிக் கிடக்கிறது; பின்கட்டில் ஒரு குடும்பம் தங்கி வீட்டைப் பார்த்துக்கொள்கிறது. இரண்டு மாதத்துக்குச் சராசரியாக 420 யூனிட் ஓடுகிறது. ஒரு கான்ட்ராக்டர் வந்து பார்த்துவிட்டு, சரவிளக்குகள் நீங்கலாக 64 இடத்திலும் எல்.இ.டி. போட 1,10,000 ரூபாய் ஆகும், இரண்டு வருடத்தில் போட்ட காசு வந்துவிடும் என்கிறார். எல்.இ.டி. மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும் என்பது உங்களுக்கே தெரியும். இந்த 64-இல் எத்தனை இடத்தில் போடும் பணம் திரும்பி வரும் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. நீங்கள் எழுதியிருக்கும் பழக்கத்தை வைத்துப் பார்த்தால் ஏழு இடம்.

கணக்கு எளிது. எத்தனை வாட் குறைகிறதோ அதை எரியும் மணி நேரத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட். டியூப் லைட்டில் 36 வாட் என்று எழுதியிருந்தாலும், கனமான காப்பர் சோக் இருந்தால் அதுவே 12 முதல் 14 வாட் வரை தின்னும். ஆக ஒரு ஃபிட்டிங் 50 வாட். பழைய தடித்த 40 வாட் டியூப் என்றால் 55 வரை போகும். அதே நீளத்தில் 20 வாட் எல்.இ.டி. போட்டால் 30 வாட் மிச்சம். எலக்ட்ரானிக் சோக் போட்ட ஃபிட்டிங்கில் மிச்சம் பாதிதான், 16 வாட் அளவுக்கு. வித்தியாசம் கண்டுபிடிக்க, ஸ்டார்ட்டர் இருக்கிறதா, ஸ்விட்ச் போட்டதும் இரண்டு மூன்று முறை மினுக்கிவிட்டு எரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் காப்பர் சோக்.

இப்போது தினமும் எரிபவை. முகப்பு டியூப் இரவு 11 மணி நேரம்: வருடத்துக்கு 120 யூனிட் மிச்சம். கொல்லைப்புறத்து 60 வாட் குண்டு பல்பும் 11 மணி நேரம். 9 வாட்டுக்கு மாற்றினால் 205 யூனிட். வளவில் (நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதி) இரண்டு டியூப், மாலையில் 5 மணி நேரம்: 110. அடுப்படி டியூப் 4 மணி நேரம்: 44. பின்கட்டுக் குடும்பம் தங்கும் அறை டியூப் 5 மணி நேரம்: 55. கடைசியாகச் சாமி அறையில் இரவும் பகலும் எரியும் சிவப்பு ஜீரோ வாட் பல்பு. பெயர்தான் ஜீரோ, அது 15 வாட் வரை இழுக்கும். 24 மணி நேரமும் எரிவதால் வருடத்துக்கு 131 யூனிட் போகிறது. அரை வாட் எல்.இ.டி. போட்டால் 4 யூனிட், மிச்சம் 127. முகப்பு டியூபை மாற்றி வரும் மிச்சத்தைவிட இது அதிகம், விலையோ ஐம்பது ரூபாய்க்குள். எல்லாம் கூட்டினால் 661 யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 3,300 ரூபாய். ஐந்து டியூப் ஃபிட்டிங், ஒரு பல்பு, ஒரு சின்ன பல்பு, எலக்ட்ரீஷியன் கூலி எல்லாம் சேர்த்து 2,700 ரூபாய் அளவில் முடியும். பத்து மாதத்தில் காசு திரும்பிவிடும்.

மீதி 57 இடம்? ஊருக்கு வரும்போதும், திருவிழா, கல்யாணம், சாந்தி (அறுபது, எண்பது வயது விசேஷம்) என்று வீடு நிறையும்போதும்தான் எரியும். ஒவ்வொன்றும் வருடத்துக்கு 150 மணி நேரம் எரிகிறது என்று தாராளமாகவே வைப்போம். சராசரி 35 வாட் மிச்சம் என்றாலும் 57 இடத்துக்கும் சேர்த்து 300 யூனிட், அதாவது 1,500 ரூபாய். அதற்கு ஒரு லட்சத்துக்கு மேல் போட்டால் திரும்பி வர எழுபது வருடம். கான்ட்ராக்டர் பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன். எல்லா விளக்கும் தினம் ஆறு மணி நேரம் எரியும் கடைக்கும் லாட்ஜுக்கும் போடும் கணக்கை உங்கள் வீட்டுக்கும் போட்டிருக்கிறார். அந்த 57-ஐ ஃபியூஸ் போகப் போக ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளுங்கள்.

யூனிட்டுக்கு 5 ரூபாய் என்பது நான் கணக்குக்கு எடுத்துக்கொண்டது. 2016-இல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்று ஆனது. அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். நீங்கள் மிச்சப்படுத்தும் யூனிட் எப்போதும் மேல் படியிலிருந்துதான் கழியும் என்பதால், சராசரி விலையைப் பார்க்காமல் உங்கள் பில்லில் கடைசியாக வந்து நிற்கும் படியின் விலையைப் பாருங்கள். 500 யூனிட்டைத் தாண்டும் பில்லுக்கு அட்டவணையே மாறி, கீழ்ப்படி யூனிட்டுக்கும் விலை கூடுகிறது. 420-இல் இருக்கும் வீடு, ஒரு விசேஷம் வந்தால் 500-ஐத் தாண்டிவிடும். வருடத்துக்கு 661 யூனிட் மிச்சம் என்றால் இரண்டு மாதத்துக்கு 110 குறையும்; 310-இல் இருக்கும் வீடு அநேகமாகத் தாண்டாது. ஏழு விளக்கு மாற்றுவதில் இந்த லாபமும் இருக்கிறது. நாளைக்கு வீட்டில் ஒரு பகுதியை விருந்தினர் விடுதியாக விட நினைத்தால் அது வணிக இணைப்பு. இலவச யூனிட் கிடையாது, விலையும் அதிகம், விளக்கும் தினமும் எரியும். அப்போது இந்தக் கணக்கு முழுக்க மாறும், கான்ட்ராக்டர் சொன்ன இரண்டு வருடம் உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மீட்டரை வைத்து நீங்களே சரிபார்க்கலாம். இ.பி. எலக்ட்ரானிக் மீட்டரின் முகத்தில் ஒரு சிவப்பு விளக்கு துடிக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சடித்திருக்கும். 3200 என்று இருந்தால், வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சோதிக்க வேண்டிய விளக்கை மட்டும் போட்டு, 6 நிமிடம் துடிப்பை எண்ணுங்கள். எண்ணிக்கையை 3.125-ஆல் பெருக்கினால் வாட். 16 துடிப்பு என்றால் 50 வாட். ஒரே டியூப் என்றால் எண்ணிக்கை குறைவாக இருக்கும், ஒன்றிரண்டு துடிப்பு தவறினாலும் விடை விலகும். ஒரே மாதிரி நாலைந்தை ஒன்றாக எரியவிட்டு நாலைந்தால் வகுப்பது நல்லது. எண்ணத் தொடங்கும் முன் எல்லாம் அணைந்த நிலையிலும் ஆறு நிமிடம் பாருங்கள். அப்போதும் துடித்தால் டி.வி. பெட்டி மாதிரி ஏதாவது ஒன்று சத்தமில்லாமல் இழுக்கிறது, அல்லது எங்கோ கசிவு இருக்கிறது.

கசிவு என்றதும் வயரிங் வருகிறது. உங்கள் வீட்டில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். தேக்குப் பட்டை அடித்து அதன் மேல் கிளிப் போட்டு ஓட்டிய பழைய வயர் இன்னும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்து ரப்பர் உறை பல வருட வெப்பத்தில் காய்ந்து, ஹோல்டரைத் திருகும்போதே பொடிப்பொடியாக உதிரும். அசையாமல் கிடக்கும் வரை வேலை செய்யும். புது ஃபிட்டிங்குக்காக முனையை வளைத்த அன்று ஷார்ட் ஆகும். ஆகவே விளக்கு மாற்றும் முன் 500 வோல்ட் மெக்கர் (வயர் உறை கசிகிறதா என்று அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு சர்க்யூட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். விளக்குகளையும் மற்ற சாமான்களையும் கழற்றிவிட்டுச் சோதிக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் சர்க்யூட்டில் கை வைக்கக் கூடாது, வயரை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது சுவரை வெட்டிக் குழாய் புதைக்கச் சம்மதிக்காதீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பளபளவென்று தேய்த்த சுண்ணாம்புப் பூச்சில் ஒரு காடி எடுத்தால், அதை அதே மாதிரி அடைக்கத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது. சிமென்ட்டால் அடைத்தால் அந்தக் கோடு காலத்துக்கும் தெரியும், ஓரத்தில் பூச்சும் விட்டு வரும். பழைய தேக்குப் பட்டையைக் கழற்றாமல் அதே பாதையில் புது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை ஓட்டலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும். கூடவே எர்த் வயரும், மெயின் போர்டில் கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போட்டுவிடுங்கள். எழுபது வருடத்தில் திரும்பும் விளக்குகளுக்கு வைத்த பணம் இதற்குப் போகட்டும். மெக்கர் சோதனை முடியாமல், தூரத்திலிருந்து உங்கள் வயரிங் தாங்கும் என்றோ தாங்காது என்றோ நான் சொல்வது பொறுப்பாகாது.

டியூப் மாற்றும் வேலையில் அதிகம் தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. பழைய ஃபிட்டிங்கிலேயே செருகும் எல்.இ.டி. டியூப் ஒரே மாதிரியானதல்ல. சிலவற்றில் ஃபேஸ் ஒரு முனை, நியூட்ரல் மறு முனை. சிலவற்றில் இரண்டும் ஒரே முனையின் இரண்டு பின்னில். வேறு சில, கூடவே வரும் தனி ஸ்டார்ட்டரைப் போட்டுச் சோக்கோடு எரிய வேண்டியவை. ஒரே முனையில் இரண்டையும் கொடுத்த ஹோல்டரில், உள்ளுக்குள் இரண்டு பின்னும் சேர்ந்திருக்கும் டியூபைச் செருகினால் நேரே ஷார்ட். இன்று மாற்றியவர் சரியாகத்தான் மாற்றியிருப்பார். மூன்று வருடம் கழித்துக் கடையில் வேறு வகை வாங்கி வந்து செருகுபவருக்குத்தான் ஆபத்து. இன்னொன்று, இரு முனை வகையில் ஒரு பக்கம் செருகியதும் மறு பக்கத்துப் பின்னில் கரண்ட் இருக்கலாம், ஏணி மேல் நிற்பவர் கை அதில்தான் படும். ஸ்விட்சை அணைத்தால் போதாது, மெயினை இறக்குங்கள். பழைய வீடுகளில் ஸ்விட்ச் நியூட்ரலில் இருப்பது சகஜம். அணைத்த பிறகும் ஹோல்டர் வரை ஃபேஸ் நிற்கும். என் தேர்வு, பழைய ஃபிட்டிங்கை சோக், ஸ்டார்ட்டரோடு முழுதாகக் கழற்றிவிட்டு, விளக்கும் பட்டையும் ஒன்றாக வரும் பேட்டன் ஃபிட்டிங் போடுவது. இரண்டே வயர், 250 முதல் 350 ரூபாய், பின்னால் யாரும் தவறாகச் செருக வழியில்லை. உத்திரத்தில் புதுத் துளை போடாமல் பழைய திருகாணித் துளையையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

மாற்றிய பிறகு, அணைத்த விளக்கு இருட்டில் மங்கலாக மினுங்கினால் விளக்கில் குறை தேட வேண்டாம். ஸ்விட்ச் நியூட்ரலில் இருக்கிறது, அல்லது ஸ்விட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருக்கிறது, அல்லது மாடிப்படி டூ வே வயர் நீளமாக ஓடுகிறது. ஸ்விட்சை ஃபேஸுக்கு மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். ஒரே மாலையில் ஐந்தாறு எல்.இ.டி. சேர்ந்து போனால் அது வேறு விஷயம். உங்கள் வீடு மும்முனை இணைப்பு. மெயின் போர்டிலோ சர்வீஸ் வயர் சேரும் இடத்திலோ நியூட்ரல் தளர்ந்தால், சுமை குறைவான ஃபேஸில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கிவிடும். சாதாரண எல்.இ.டி. டிரைவர் (விளக்குக்குள் மின்சாரத்தைச் சிப்புக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சர்க்யூட்) 300 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. சில விளக்கு கண்ணைக் கூசும்படி எரிய, சில மங்கினால் உடனே மெயினை இறக்குங்கள். அலுமினிய சர்வீஸ் வயரும் செம்பும் சேரும் முடிச்சுதான் முதலில் பார்க்க வேண்டியது. மீட்டருக்கு முன்னால் இருப்பதை இ.பி. ஆள்தான் தொட வேண்டும். ஐப்பசி இடி மின்னலுக்கு சர்ஜ் அரெஸ்டர் (திடீரென எகிறும் வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பும் கருவி) வைப்பது நல்லது, ஆனால் எர்த் சரியில்லாமல் அது பெயருக்குத்தான் இருக்கும். நம் பக்கத்துச் செம்மண் கோடையில் கல்லாகக் காய்ந்துவிடும். எர்த் குழியில் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தைப் பின்கட்டில் இருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள்.

நிறம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். கடைக்காரர் தானாக எடுத்துக் கொடுப்பது 6500 கெல்வின் என்ற நீலம் கலந்த வெள்ளை. அது பர்மா தேக்குத் தூணைச் சாம்பல் பூத்த மாதிரி காட்டும், ஆத்தங்குடித் தரைக் கல்லின் சிவப்பைச் செத்துப்போகச் செய்யும். வளவு, பட்டாலை, முகப்புக்கு 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் ஒளி, சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 80-க்குக் குறையாமல், கிடைத்தால் 90. அடுப்படிக்கு 4000 போடலாம். மஞ்சள் ஒளிக்குப் பூச்சியும் குறைவாக வரும். சுவரில் மாட்டியிருக்கும் பழைய அச்சுப் படங்களும் போட்டோக்களும் காகிதம். அருங்காட்சியகங்கள் அவற்றுக்கு 50 லக்ஸுக்கு (ஓரிடத்தில் விழும் ஒளியின் அளவு) மேல் ஒளி விடுவதில்லை. எல்.இ.டி.யில் புற ஊதா மிகக் குறைவு, அது நல்லதே; ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சாயத்தை வெளுக்கும். படத்துக்கு நேராக ஸ்பாட் லைட் போட்டு விடிய விடிய எரியவிடாதீர்கள்.

வெளிச்சம் போதுமா என்பதை வாட்டில் பார்க்காமல் அட்டையில் உள்ள லூமனில் (விளக்கு தரும் மொத்த ஒளி) பாருங்கள். 12க்கு 14 அடி அறை ஏறக்குறைய 15.6 சதுர மீட்டர். உயரமான மச்சும் இருண்ட உத்திரமும் உள்ள அறையில் பாதி ஒளி வீணாகும் என்று வைத்தால், 100 லக்ஸுக்கு 3,100 லூமன் வேண்டும். 20 வாட் பேட்டன் ஒன்று 2,000 லூமன் தரும், அதாவது 64 லக்ஸ். புழங்க இது போதும். படிக்கவோ கணக்கு எழுதவோ இரண்டாவது டியூப் போடுவதைவிட, மேசைக்குப் பக்கத்தில் 7 வாட் விளக்கு ஒன்று போடுவது சரி.

சரவிளக்கு விஷயத்தில் என் பதில் எதிர்ப்பக்கம். 24 பல்பு, ஒவ்வொன்றும் 40 வாட், மொத்தம் 960. தலா 4 வாட் ஃபிலமென்ட் எல்.இ.டி. போட்டால் 96. வருடத்துக்கு 30 மணி நேரம் எரிந்தால் மிச்சம் 26 யூனிட், 130 ரூபாய். பல்பு ஒன்று 150 ரூபாய் என்றால் 3,600 ஆகும். பணக் கணக்கில் இது தேறவே தேறாது. ஆனாலும் மாற்றுங்கள். அந்தக் கண்ணாடிக் கைகளுக்குள் ஓடும் நூல் மாதிரி வயரில் இப்போது போகும் 4 ஆம்பியர், 0.4 ஆகக் குறையும். பீங்கான் ஹோல்டரைப் பொரிக்கும் வெப்பமும் போய்விடும். கல்யாணத்தன்று ஜெனரேட்டருக்கும் சுமை குறையும். வாங்கும் முன் ஹோல்டரை அளந்து பாருங்கள்: 14 மில்லிமீட்டர் திருகா, 27-ஆ, அல்லது பின் வைத்த பி22-ஆ. தெளிந்த கண்ணாடி பல்பாக வாங்குங்கள், பால் வெள்ளை பல்பு போட்டால் பெல்ஜியம் கண்ணாடித் தொங்கல்களில் மினுக்கம் வராது. டிம்மர் இருந்தால், டிம் ஆகும் என்று அட்டையில் போட்ட பல்பு மட்டும். ஹோல்டர் உடைந்திருந்தால் புதுசை வளைத்துத் திணிக்காமல் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பாருங்கள். தொடும் முன் மெயின் இறங்கியிருக்க வேண்டும், சாரம் கட்டியிருக்க வேண்டும், உத்திரத்துக் கொக்கியை முதலில் பார்த்து விளக்குக்குத் தனியாக ஒரு கயிறும் போட்டிருக்க வேண்டும்.

முகப்புக்கும் கொல்லைக்கும் பகல் இரவு சென்சார் வையுங்கள். காலையில் அணைக்க மறந்து மதியம் வரை எரிவது நிற்கும். விளக்கின் வெளிச்சமே சென்சார் மேல் பட்டால் அது அணைந்து எரிந்து அணைந்து கொண்டிருக்கும், ஆகவே எதிர்ப்பக்கம் திருப்பிப் பொருத்த வேண்டும். கொல்லையில் மழை படும் இடத்துக்கு தண்ணீர் புகாத ஐ.பி. 65 ஃபிட்டிங்.

இதுவரை சொன்னதில் வாட், யூனிட் கணக்கு உறுதியானது. உறுதியில்லாதது ஆயுள். அட்டையில் 25,000 மணி நேரம் என்று இருப்பது, ஒளி எழுபது சதவீதத்துக்குக் குறையும் வரை என்ற கணக்கு. சிப் அத்தனை நாள் தாங்கும், டிரைவரில் உள்ள கன்டென்சர்தான் முன்னால் போகும். காற்றுப் போகாத மூடிய கண்ணாடிக் குண்டுக்குள் வைத்தால் வெப்பத்தில் இன்னும் சீக்கிரம். அதனால் ஆயுளை நம்பிக் கணக்குப் போடாமல், இரண்டு வருட உத்தரவாதத்துக்குள் காசு திரும்பும் இடங்களில் மட்டும் போடச் சொல்கிறேன். வாங்கும்போது அட்டையில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும், லூமனும் இருக்கிறதா என்று பாருங்கள். மொபைலில் ஸ்லோ மோஷனில் படம் பிடித்துப் பாருங்கள். பட்டை பட்டையாக ஓடினால் மலிவு டிரைவர், வேண்டாம்.

இந்த ஏழு விளக்கை மட்டும் மாற்றி 420-ஐ 310-க்குத்தான் கொண்டுவர முடியும். அதற்குக் கீழே போக வேண்டுமானால் மின்விசிறியைப் பார்க்க வேண்டும். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் முழு வேகத்தில் 28 முதல் 35. தங்கியிருக்கும் குடும்பத்தின் அறையில் தினமும் 15 மணி நேரம் சுற்றும் ஃபேன் ஒன்றை மாற்றினாலே வருடத்துக்கு 220 யூனிட் குறையும். பங்காளிகள் மூவரும் செலவைப் பிரிக்கும்போது, பொது மீட்டரில் வருவது என்பதால் இந்த ஃபேனையும் பொதுச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரவர் அறை விளக்கை அவரவர் பார்த்துக்கொள்ளலாம்.

கழற்றிய டியூபையும் சி.எப்.எல். பல்பையும் கொல்லையில் உடைத்துப் போடச் சொல்லாதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. முழுதாக அட்டைப் பெட்டியில் வைத்து மின் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். கை தவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் அறையை விட்டு எல்லோரும் வெளியே இருக்க வேண்டும். பிறகு விளக்குமாறு போடாமல், கெட்டி அட்டையால் சில்லை அள்ளி, பொடியை ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுத்து, எல்லாவற்றையும் மூடி போட்ட டப்பாவில் அடைத்துவிடச் சொல்லுங்கள்.